பச்சைப் புள்ளியும் பொடி எழுத்தும்

மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர் பார்ப்பது விலை, மிஞ்சிப் போனால் காலாவதி தேதி. சைவக் குடும்பம் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பின்பக்கம் எறும்பு ஊர்வது போல ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

படிக்காதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படித்தாலும் புரியாதபடிதான் அது இருக்கிறது. உப்பு எவ்வளவு என்று தேடினால் 'உப்பு' என்ற சொல்லே இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு. ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடை வாசலில் நின்று இந்தக் கணக்கை யார் போடுவார்கள்! சர்க்கரையும் இப்படித்தான். 'இன்வர்ட் சிரப்', 'லிக்விட் குளுக்கோஸ்' என்று வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய கொடுமை மொழி. 2020ல் வந்த இந்திய லேபிள் விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகளையும் சேர்த்துக் கொள்ளலாம், ஆனால் கட்டாயம் இல்லை. அதே பிஸ்கட்டின் டிவி விளம்பரம் மட்டும் சுத்தமான தமிழில் பேசும். விற்பதற்குத் தமிழ் வேண்டும், விவரம் சொல்ல வேண்டாம் போலிருக்கிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது.

அப்படியானால் வழியே இல்லையா? பச்சைப் புள்ளியையே பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கூட அதன் அர்த்தம் தெரியும். யாரும் வகுப்பு எடுக்கவில்லை, மில்லிகிராம் கணக்கும் இல்லை. மத நம்பிக்கைக்காக ஒரு அடையாளத்தை முன்பக்கமே போட முடிகிற நாட்டில், இரத்த அழுத்தத்துக்காக ஒன்று போட முடியாதா என்ன?

சிலி நாட்டில் போட்டார்கள். 2016 ஜூன் முதல் அங்கே சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பைத் தாண்டினால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணத்தில் 'அதிகம்' என்று எழுத வேண்டும். அந்த முத்திரை உள்ளவற்றைப் பள்ளிகளில் விற்க முடியாது, குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன்களையும் அட்டையில் போட முடியாது. முதல் ஒன்றரை ஆண்டில் முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. இது முத்திரையால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது, எல்லாத் தடைகளும் சேர்ந்து வந்தவை. ஆனாலும் சின்ன மாற்றம் இல்லை.

இந்தியாவில் நடந்தது வேறு. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. அதில் எச்சரிக்கை கிடையாது, நட்சத்திரம்! அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. நார்ச்சத்து, புரதம், பருப்பு வகைகள் இருந்தால் மதிப்பெண் கூடும், அது சர்க்கரைக்கும் உப்புக்கும் விழும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் சரிக்கட்டிவிடும். கணக்கில் ஃபெயில் ஆனவனை டிராயிங் மார்க்கைச் சேர்த்து பாஸ் போடுவது போல. இரண்டு நட்சத்திரம் வாங்கிய சிப்ஸைப் பார்ப்பவருக்கு அதில் உப்பு அதிகமா, எண்ணெய் அதிகமா என்று எப்படித் தெரியும்? சர்க்கரை நோயாளிக்கு வேண்டியது சராசரி இல்லை. அந்த வரைவும் விதியாகாமல் இழுத்துக்கொண்டே போக, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு மூன்று மாதத்தில் பரிந்துரை தரச் சொன்னது.

கறுப்பு முத்திரை வந்தால் நம் முறுக்கு, மிக்சர் எல்லாம் கெட்ட பெயர் வாங்கும் என்று ஒரு வாதம் உண்டு. வாங்கட்டுமே! பாட்டி சுட்ட முறுக்கு தீபாவளிக்கு ஒரு தடவை வந்தது. பாக்கெட் முறுக்கு தினமும் சாயங்காலம் வருகிறது. கடையில் லூஸில் நிறுத்து வாங்கும் மிக்சருக்கு எப்படியும் முத்திரை கிடையாது, அது தனிப் பிரச்சினை. பாக்கெட்டில் வருவதற்காவது 'உப்பு அதிகம்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களை விலைக்குப் பக்கத்திலேயே போடலாம். இடம் நிறைய இருக்கிறது... '20% கூடுதல்' என்று போட இடம் கிடைக்கிறதே!