படகுக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு அட்டை

லேப்ல புது கம்ப்யூட்டர் வந்தாச்சு. காலேஜ் டொமைன்ல சேர்க்கணும். டொமைன் பேரை அடிச்சு ஓகே கொடுத்ததும், யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உடனே லேப் அசிஸ்டென்ட் அண்ணனைத் தேடி ஓட்டம்! அவரும் வந்து, நம்மைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு, மொத்த காலேஜுக்கும் சாவியான டொமைன் அட்மின் பாஸ்வேர்டைத் தட்டிட்டுப் போவார். அறுபது மெஷின்னா அறுபது தடவை.

தேவையே இல்லை பாஸ்!

ராமேஸ்வரம் துறைமுகத்துக்கு வாங்க, புரியும். விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வேணும். படகு மேல ‘ஐஎன்டி டிஎன் 10’னு தொடங்குற பதிவு எண் இருக்கும். ஏறுற மீனவர்கிட்ட தனியா அடையாள அட்டை. படகு வேற, ஆள் வேற.

விண்டோஸ் 2000-ல் அறிமுகமான ஆக்டிவ் டைரக்டரியும் அப்படித்தான். உங்களுக்கு அக்கவுன்ட் இருக்கிற மாதிரி கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு உண்டு. அதுக்குச் சொந்த பாஸ்வேர்டும் உண்டு. வழக்கமா 30 நாளைக்கு ஒரு தடவை தானே மாத்திக்கும். பெட்டியில் நாம அடிக்கிறது, அந்தப் பதிவைப் போட நமக்கு உரிமை இருக்கான்னு பார்க்க மட்டும்தான்.

யாருக்கு உரிமை? செட்டிங்கை யாரும் தொடாத டொமைன்ல சாதாரண யூசரே 10 கம்ப்யூட்டர் வரைக்கும் சேர்க்கலாம்! குதிக்காதீங்க. 2021-ல் பேசப்பட்ட ‘நோபேக்’ தாக்குதல் ஏறி வந்த படிக்கட்டு இதுதான். சாதாரண அக்கவுன்ட்ல ஒரு போலி கம்ப்யூட்டரைப் பதிஞ்சு, தலைமை சர்வர் பேரை அதுக்கு வெச்சு, அட்மினாவே ஆகிடலாம். அந்த நவம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைச்சது. இருந்தாலும் அந்த 10-ஐ 0 ஆக்கிடுறது உத்தமம்.

அப்புறம் எப்படிச் சேர்க்கிறது? லேப் கம்ப்யூட்டர்களைச் சேர்க்கிற உரிமை மட்டும் கொடுத்து ஒரு தனி அக்கவுன்ட். ‘டெலிகேஷன்’னு பேர். ஏதோ ஒரு மெஷின்ல எவனோ கீலாக்கர் போட்டு வெச்சிருந்தாலும், மார்க் இருக்கிற சர்வர் வரைக்கும் கை நீளாது. நீண்டுச்சுன்னா முதல்ல விசாரணையில நிக்கப்போறது நம்ம அண்ணன்தானே!

இன்னொரு லாபம். ஃபார்மேட் பண்ணின மெஷினைப் பழைய பேரிலேயே சேர்த்தா, அக்டோபர் 2022 அப்டேட்டுக்கு அப்புறம், பழைய பதிவைப் போட்டது யாருன்னு பார்ப்பாங்க. போன வருஷம் வேலை பார்த்தவர் தன் சொந்த அக்கவுன்ட்ல சேர்த்திருந்தா, புதுசா வந்தவருக்கு ‘தடுக்கப்பட்டது’னு பதில் வரும். பழைய பதிவை அழிச்சிட்டுச் சேர்க்கலாம். எல்லாத்தையும் அந்தத் தனி அக்கவுன்ட்லயே சேர்த்திருந்தா இந்தத் தலைவலி இல்லை.

டொமைனையே காணோம்னு சொன்னா பாஸ்வேர்டைத் திட்டாதீங்க. டிஎன்எஸ் முகவரி டொமைன் சர்வரைக் காட்டுதான்னு பாருங்க. பேட்டரி செத்துக் கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல தப்பினாலும் தகராறுதான்.

சொந்த லேப்டாப்ல பழகணுமா? விண்டோஸ் ஹோம்ல இந்த வசதியே கிடையாது, ப்ரோ வேணும். சர்வருக்குக் காசு வேண்டாம்: பழைய மெஷின்ல லினக்ஸ் ஏத்தி, 2012-லிருந்து டொமைன் சர்வராவும் வேலை செய்ற சம்பா 4 போடுங்க. ஹாஸ்டல் ரூம்லயே டொமைன் ரெடி!