நான்கு பைகளில் கேத்திரகணிதம்



ஏழாம், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தாய்மார் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். 1990, 1995, 2008 என்று ஒவ்வோர் இடம்பெயர்விலும் ஒரு வகுப்பையோ இரண்டு வகுப்பையோ தொலைத்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆரம்பப் பிரிவில் படிக்கிறார்கள். கூட்டல், கழித்தல் என்றால் தாய் துணிந்து சொல்லிக்கொடுக்கிறாள். முக்கோணி, சதுரம், திண்மம் என்று வந்ததும், "ரீச்சரிடம் கேள் பிள்ளை" என்று கொப்பியை மூடிவிடுகிறாள்.

இது சின்ன விடயம் அன்று. ஆரம்பப் பிரிவில் உருவங்களைக் கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளை, பத்தாம் பதினோராம் தரத்தில் தேற்றம், நிறுவல் என்று வரும்போது பாடமாக்கி ஒப்புவிக்கத்தான் பார்க்கும். அது பரீட்சையில் கைகொடுக்காது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் எத்தனை வழிகள் அடைபடும் என்பதை வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் நீங்களே அறிவீர்கள். அந்தத் தவறுதலின் வேர் பல வேளைகளில் மூன்றாம், நான்காம் தரத்திலேயே இருக்கிறது.

கேத்திரகணிதம் படிப்பிக்க விலைகொடுத்து வாங்கும் உபகரணம் தேவையில்லை. பொருட்கள் உங்கள் அடுப்படியிலும் முற்றத்திலும் கிடக்கின்றன. அந்தப் பொருட்களைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் வேலை. இம்மாதம் அதைப் பார்ப்போம்.

முதலில் புத்தகம்

இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆகவே உங்கள் முதலாவது வளம் பிள்ளையின் பையிலேயே உண்டு. கணிதப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டி, உருவங்கள், திண்மங்கள், கோணம், திசை, சமச்சீர் ஆகியவை வரும் பக்கங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையின் பழைய புத்தகத்தைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் இணைய வசதி உள்ளவர்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்களையும், தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளையும் பணமின்றி எடுக்கலாம். எதை, எந்த ஒழுங்கில், எவ்வளவு நேரம் படிப்பிப்பது என்று வழிகாட்டியில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. யூரியூப்பில் வரும் தமிழ்ப் பாடங்களில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குரியவை. பாடம் நல்லதாக இருந்தாலும் சொற்கள் வேறு. நாம் கேத்திரகணிதம் என்பதை அங்கே வடிவியல் என்பார்கள். எமது முக்கோணி அங்கே முக்கோணம். நாற்பக்கல் நாற்கரமாகும், ஆரை ஆரமாகும், சதுரமுகி கனசதுரமாகும், கனவுரு கனசெவ்வகமாகும். பிள்ளை குழம்பாமல் இருக்க, இந்தச் சோடிகளைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நான்கு பைகள்

பழைய துணியில் நான்கு பைகள் தையுங்கள். தையல் தெரிந்த கைகளுக்கு அரைமணி நேர வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தால் நல்லது.

முதலாவது பை திண்மங்களுக்கு. நெருப்புப்பெட்டி, பற்பசைப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி ஆகியவை கனவுரு. லூடோ கட்டை சதுரமுகி. மூடியோடு கூடிய பால்மாப் பேணி உருளை. பந்து கோளம். கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சுருள் கூம்பு; பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். வெட்டிய ரின்மீன் பேணியைப் போடவேண்டாம், விளிம்பு கையை வெட்டும். பிள்ளை கையால் தடவி முகங்களையும் விளிம்புகளையும் உச்சிகளையும் எண்ணட்டும். நெருப்புப்பெட்டிக்கு முகம் 6, விளிம்பு 12, உச்சி 8. லூடோ கட்டைக்கும் அதே எண்ணிக்கைதான். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

இரண்டாவது பை தளவுருவங்களுக்கு. முதற்பையில் உள்ள பெட்டிகளையும் பேணிகளையும் காட்போட் மட்டையில் வைத்து, சுற்றிக் கோடு கீறி வெட்டினால் செவ்வகமும் சதுரமும் வட்டமும் கிடைக்கும். திண்மத்தின் முகம்தான் தளவுருவம் என்பது அப்போது தானாக விளங்கும். முக்கோணிகளை மட்டும் பலவிதமாக வெட்டவேண்டும். ஒல்லியானது, அகன்றது, சரிந்தது என்று ஏழெட்டு இருக்கட்டும். புத்தகத்தில் முக்கோணி பெரும்பாலும் நேராக, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிற்கும். அதையே பார்த்துப் பழகிய பிள்ளை தலைகீழாக வைத்த முக்கோணியை முக்கோணி இல்லை என்று சொல்லும். சதுரத்தைச் சரித்து வைத்தாலும் இது சதுரம் இல்லை என்று சொல்லும். உருவத்தை நிற்கும் கோலத்தை வைத்தல்ல, அதன் பக்கங்களையும் மூலைகளையும் வைத்தே அடையாளம் காணவேண்டும் என்ற பாடம் இந்தப் பையில்தான் இருக்கிறது.

மூன்றாவது பை கோடுகளுக்கும் கோணங்களுக்கும். இதில் ஈர்க்குகள், நூல், சில கடதாசிகள், சைக்கிள் வால்வு ரியூப் ஒரு துண்டு. ரியூப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றுள் ஈர்க்கைச் செருகி முக்கோணியும் நாற்பக்கலும் செய்யலாம். இந்தியாவில் அர்விந்த் குப்தா என்ற பொறியியலாளர் 1978இல் கிராமப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வால்வு ரியூப்பையும் தீக்குச்சியையும் இப்படிப் பயன்படுத்தத் தொடங்கினார். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. செய்து முடித்ததும் மெல்ல அமர்த்திப் பாருங்கள். நான்கு ஈர்க்கு உருவம் சரிந்து போகும். முக்கோணி அசையாது. கூரைக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் முக்கோணி ஏன் வேண்டும் என்பதைப் பிள்ளை அன்றே கண்டுகொள்ளும்.

செங்கோணத்துக்கு மூலைமட்டம் வேண்டாம். எந்தக் கிழிந்த கடதாசியையும் ஒருமுறை மடித்து, மடித்த கோட்டின் மீது கோடு பொருந்தும்படி மறுமுறை மடித்தால் மூலையில் செங்கோணம் வந்துவிடும். அதைக் கொண்டு கதவு, யன்னல், மேசை, பாய் எல்லாவற்றையும் பிள்ளை அளந்து பார்க்கட்டும். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியபோது அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்தவர்கள் உங்களில் பலர். மேசன் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தார் அல்லவா? மூலை செங்கோணமாக இருந்தால்தான் 5 அடி சரியாக வரும். பைதகரசின் தேற்றம் என்று பிள்ளை பின்னர் படிக்கப்போவது இதைத்தான். நீங்கள் அதை வேலையில் கண்டிருக்கிறீர்கள்.

நான்காவது பை சமச்சீருக்கு. பாதியாக மடித்து வெட்டிய கடதாசிப் பூக்கள், இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் இலைகள், ஒரு சின்னக் கண்ணாடி, கோலம் அல்லது மருதாணி வடிவங்கள் கீறிய தாள்கள். பனையோலையும் பன்னும் பின்னும் சகோதரிகள் தங்கள் பின்னலையே கொண்டுவரலாம். கடகத்தை ஒருமுறை கவனியுங்கள்: அடி நான்கு மூலையாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும். சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடிக்கும் அந்தக் கைக்குக் கேத்திரகணிதம் தெரியாது என்று யார் சொல்வது?

எந்த ஒழுங்கில்?

பைகள் மட்டும் போதாது. 1957ஆம் ஆண்டில் டீனா வான் ஹீலே, பியர் வான் ஹீலே என்ற நெதர்லாந்து ஆசிரியத் தம்பதியர் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். பிள்ளை முதலில் உருவத்தை முழுமையாகப் பார்த்து அறிகிறது, பிறகுதான் அதன் பக்கம், கோணம் முதலிய இயல்புகளைக் காண்கிறது, அதற்குப் பிறகுதான் ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிறது என்று அவர்கள் காட்டினர். ஒரு படியைத் தாண்டி மறுபடிக்கு ஏற்ற முயன்றால் பிள்ளை வாய்ப்பாடமாக்குமே தவிர விளங்கிக்கொள்ளாது.

ஆகவே முதல்நாள் கையில் கொடுத்து விளையாட விடுங்கள். மறுநாள் இனம் பிரிக்கச் சொல்லுங்கள். "இதை ஏன் அதோடு சேர்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தன் சொல்லில் சொன்ன பிறகு பாடநூற் சொல்லைக் கொடுங்கள். கடைசியாகத்தான் கொப்பியும் பென்சிலும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு மட்டை வையுங்கள். பைக்குள் என்ன பொருள், எத்தனை, எந்தத் தரத்துப் புத்தகத்தில் எந்தப் பக்கம், கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் ஆகியவை அதில் இருக்கட்டும். நீங்கள் வேலைக்குப் போன நாளில் அம்மம்மாவோ மூத்த பிள்ளையோ அதைப் பார்த்தே நடத்தலாம்.

பைக்குள் கையை விட்டு, பாராமல் தொட்டு, பெயர் சொல்லும் விளையாட்டையும் விடாதீர்கள். பார்வை குறைந்த பிள்ளையும் இதில் மற்றவர்களுக்குச் சமமாக நின்று விளையாடும், சிலவேளை வெல்லும்.

பொருள் தேடும்போது கவனம்

உருளை கொண்டுவா, கூம்பு கொண்டுவா என்று பிள்ளைகளைப் பற்றைக்கும் வெறுங்காணிக்கும் அனுப்பவே வேண்டாம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆயினும் வடக்கில் அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. வெடிக்காத பொருட்களும் உருளையாக, கூம்பாக, பந்தாகவே இருக்கும். வீட்டுக்குள் இருப்பது, கடையில் வாங்கியது, உங்கள் கையால் கொடுத்தது, இவை மட்டுமே பைக்குள் போகலாம். அறியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

சங்கத்தில் ஒரு பெட்டி

ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பை வைக்க முடியாவிட்டால் மாதர் சங்கத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். ஒருவர் திண்மப் பையை நிரப்ப, ஒருவர் மட்டை வெட்ட, எழுத்து அழகானவர் அட்டை எழுதட்டும். யார் எடுத்தார், என்று திருப்பித் தந்தார் என்று ஒரு கொப்பியில் பதியுங்கள். பதிவு இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பை வெறும் பையாகிவிடும். மாதத்தில் ஒருநாள் பைகளைத் திறந்து, கிழிந்ததை மாற்றி, தொலைந்ததைச் சேருங்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால், விடுபட்டதை அவர் சொல்வார்.

ஓடிய ஓட்டத்தில் எங்கள் கொப்பிகள் போயின, சான்றிதழ்கள் போயின. கையில் இருந்த வேலை போகவில்லை. பின்னவும் தைக்கவும் வீடு கட்டவும் தெரிந்த அந்தக் கை பிள்ளைக்குக் கணிதமும் காட்டிக்கொடுக்கும். இந்தக் கிழமையே முதலாவது பையைத் தைத்துவிடுங்கள்.

அடுத்த இதழில் நிறுத்தலும் அளத்தலும்: தராசு இல்லாமல் நிறை படிப்பிப்பது எப்படி என்று பார்ப்போம்.