குறிப்பெழுதவோ பல்கலைக்கழகம்?

மாத்தளையிலிருந்து பேராதனை நெடுந்தொலைவன்று. கண்டிவரை ஒரு பஸ். அங்கிருந்து மற்றொரு பஸ். ஆயினும், இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயத்து அறையொன்றில் ஐவர் அறுவர் நடுவே புத்தகம் விரித்துப் படித்த பிள்ளைக்கு அவ்வழி எத்துணை நெடிது என்பதை நாம் அறிவோம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படி. 55 இடங்கள் மாவட்டச் சனத்தொகைப்படி. எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கியவையென்று பெயர் குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு. அப்பதினாறில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, மாத்தளை இல்லை. எமது தோட்டத்துப் பிள்ளை, நகரத்துப் பிள்ளையோடு ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றது.

இந்த அநீதியை மேடைதோறும் முழங்கினோம், இனியும் முழங்குவோம். ஆனால், அத்தனை தடைகளையும் தாண்டி உள்ளே நுழைந்த பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கின்றது என்று ஒருநாளேனும் கேட்டோமா? கேட்கவில்லை. வாசலுக்காகப் போராடிய நாம் வீட்டினுள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இது எமது குற்றம். முதலில் அதை ஒப்புக்கொள்வோம்.

உள்ளே நடப்பது யாது? விரிவுரையாளர் வருகின்றார், வாசிக்கின்றார், மாணவர் எழுதுகின்றனர், மணியடிக்கின்றது. ஆண்டு முடிவில் அவர் வாசித்ததை இவர்கள் விடைத்தாளில் திருப்பி எழுதுகின்றனர். எல்லா விரிவுரையாளரும் இத்தகையோர் என்று நாம் கூறவில்லை. மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் நல்லாசிரியர் எல்லாப் பீடங்களிலும் உளர். ஆனால் அவர்கள் தம் சொந்த ஆர்வத்தால் அவ்வாறாயினர். முறைமை அவர்களை உருவாக்கவுமில்லை, போற்றவுமில்லை.

“கலாநிதிப் பட்டம் பெற்றவருக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுப்பதா?” என்று சிலர் நகைக்கின்றனர். நகைப்போருக்கு ஒரு கேள்வி. பாடசாலை ஆசிரியருக்குப் பயிற்சிக் கலாசாலை வேண்டும். மருத்துவருக்கு உள்ளகப் பயிற்சி வேண்டும். சட்டத்தரணியும் மூத்தவர் ஒருவரிடம் பயின்ற பின்னரே நீதிமன்றில் எழுந்து நிற்கலாம். இவர்கள் அனைவரையும் ஆக்கி அனுப்பும் விரிவுரையாளருக்கு மட்டும் பயிற்சி வேண்டாமோ?

அரசு இதனை அறியாததன்று. 1997ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரைப் பயிற்றுவதற்கென்றே ஒரு நிலையம் தோன்றியது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் அவை தோன்றின. தகுதிகாண் நிலையிலுள்ள விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு இப்பயிற்சி கட்டாயமாயிற்று. 2003இலும், 2010இலும், 2017இலும் உலக வங்கியின் நிதியோடு மூன்று பெருந்திட்டங்கள் தொடங்கின. இறுதியாக வந்த ‘அஹெட்’ திட்டத்துக்கு மட்டும் பத்துக் கோடி அமெரிக்க டொலர்! இக்கடனை அடைப்பவர் யார்? கொழுந்து பறிக்கும் தாயும், மிளகு உலர்த்தும் விவசாயியும் அல்லரோ? ஆதலின், பயன் யாது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கே முதலில் உண்டு.

பயன் ஏன் முழுமையாக வகுப்பறையை எட்டவில்லை? காரணம் மறைவானதன்று. இளம் விரிவுரையாளர் பயிற்சிக்குச் செல்கின்றார், புதுமுறைகளைக் கேட்கின்றார், சான்றிதழோடு தம் துறைக்கு மீள்கின்றார். அங்கோ மூத்தவர் பழைய வழியிலேயே செல்கின்றார். பாடத்தைப் புதிதாய் அமைக்க நேரமில்லை. வகுப்பில் வந்து அமர்ந்து, “இங்கே நன்று, இங்கே திருத்துக” என்று சொல்ல ஆளில்லை. மதிப்பும் பெயரும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கே. இரவெல்லாம் விழித்துப் பாடத்தைத் திருத்தியமைத்தவரை யார் கண்டுகொள்கின்றனர்?

எமது விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கே கண்டறிந்தவை தோட்டத்துக்கு எவ்வாறு வந்து சேரும்? விவசாயிகளை ஒரு மண்டபத்தில் அமர்த்தி மிளகைப் பற்றி ஒருநாள் சொற்பொழிவாற்றினாற் போதுமோ? கொடித்துண்டைக் கையில் எடுத்து, நட்டுக் காட்டி, மறு மாதமும் வந்து வேரைப் பார்த்து, பிழையைத் திருத்தினாலன்றோ கொடி படரும்? மிளகுக்கொடிக்கு வேண்டும் இந்தப் பராமரிப்பு விரிவுரையாளருக்கும் வேண்டும். சான்றிதழைக் கையிற் கொடுத்துக் கைவிடுவது நாற்றைக் கொடுத்துவிட்டு நீரை மறுப்பதற்கு ஒப்பாகும்.

“இருநூறு பேர் அமர்ந்த வகுப்பில் இதெல்லாம் ஆகாது” என்பர். ஆகும். ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியற் பேராசிரியர் எரிக் மசூர், தம் விரிவுரையைப் புகழ்ந்த மாணவர்களே அடிப்படைக் கருத்துகளில் இடறியதைக் கண்டார். 1991 முதல் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு வினாவை எழுப்பி, அருகிலிருப்பவரோடு வாதிடச் செய்தார். இதற்கு வேண்டியது மண்டபமன்று, இயந்திரமன்று, மனம்! விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, விரிவுரையை மட்டும் கேட்டிருந்தோர் பரீட்சையில் தவறும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று காட்டிற்று. 2020இல் வெளியான மற்றொன்று, மாணவரை ஈடுபடுத்திக் கற்பிக்கும்போது வறிய, சிறுபான்மை மாணவருக்கும் ஏனையோருக்குமிடையே பரீட்சைப் புள்ளிகளிலுள்ள இடைவெளி மூன்றிலொரு பங்கு குறைவதை அமெரிக்க அனுபவத்திலிருந்து நிறுவிற்று. வீட்டில் வழிகாட்ட எவருமில்லாத லயத்துப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“மாணவரே குறிப்பைத்தானே கேட்கின்றனர்” என்பர் இன்னுஞ் சிலர். உண்மையே. குறிப்பைத் திருப்பிக் கேட்கும் வினாத்தாள் இருக்குமட்டும் மாணவர் குறிப்பையே கேட்பர். மேலும், 2019இல் ஹாவர்டிலேயே நடந்த ஆய்வில், தாமே முயன்று கற்றோர் அதிகம் கற்றிருந்தும், குறைவாகவே கற்றதாக எண்ணினர். எனவே முதலாண்டு முணுமுணுப்பு எழும். அதனைத் தாங்குவதற்கு விரிவுரையாளருக்குத் துறையின் துணை வேண்டும்.

“இது மேல்நாட்டு மோகம்” என்பாரும் உளர். அவர்கள் பேராதனையின் வரலாற்றைப் படிக்கட்டும். அங்கே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், கூத்தைப் பற்றிக் குறிப்புச் சொல்லி எழுதுவித்ததோடு நின்றாரா? மட்டக்களப்பு அண்ணாவியாரின் துணையோடு மாணவரையே ஆடவும் பாடவும் வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. அன்று ஆடிய மாணவர்களுள் ஒருவரே பின்னாளில் நாடகப் பேராசிரியராய் விளங்கிய சி. மௌனகுரு. செய்து கற்றல் எமக்கு இறக்குமதிச் சரக்கன்று. நாம் கைவிட்ட சொத்து.

ஆதலின் நாம் கேட்பவை ஐந்து. ஒன்று: பயிற்சி ஒரு சான்றிதழோடு முடியாது தொடர்தல் வேண்டும், ஒருவர் வகுப்பை மற்றொருவர் பார்த்துத் துணைபுரியும் வழக்கம் மூத்தவரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இரண்டு: பாடத்தைப் புதிதாய் அமைப்பவருக்கு அதற்கென நேரம் ஒதுக்குதல் வேண்டும். மூன்று: பதவி உயர்வில் நற்கற்பித்தல் ஆராய்ச்சிக்கு நிகராக மதிக்கப்படல் வேண்டும். நான்கு: தமிழிற் கற்பிப்போருக்குத் தமிழிலேயே பயிற்சியும் மாதிரி வகுப்புகளும் வேண்டும். ஐந்து: மனனத்தைச் சோதிக்கும் வினாத்தாள் ஒழிந்து, சிந்தனையைச் சோதிக்கும் வினாத்தாள் வருதல் வேண்டும்.

இவற்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தானே முன்வந்து தரும் என்று காத்திருக்கலாகாது. வந்த நிதியால் எத்தனை வகுப்பறைகள் மாறின என்று எமது பாராளுமன்ற உறுப்பினர் சபையில் எழுந்து கேட்கட்டும். பட்டம் பெற்ற வைத்தியரும், பொறியியலாளரும், சட்டத்தரணியும் தாம் பயின்ற பீடத்துக்கு எழுதட்டும். விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம், “எத்தனை கொப்பி எழுதினாய்?” என்று கேளாது, “வகுப்பில் நீ என்ன பேசினாய்?” என்று பெற்றோர் கேட்கட்டும்.

பேசவேயில்லை என்று பிள்ளை சொல்லுமாயின், வாசலைத் திறந்ததோடு எமது போராட்டம் முடியவில்லை என்று பொருள்.