பட்டையை அவிழ்த்த பிறகு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் அலுவலகங்களில் கழுத்துப் பட்டை சர்வ சாதாரணக் காட்சி. வங்கியில் லெட்ஜர் எழுதுபவர், பத்திரப்பதிவு எழுத்தர், டைப்பிஸ்ட் என்று யாராவது ஒருவர் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவார். என்னவென்று கேட்டால் "தேய்மானம்" என்பார். அசைக்கக் கூடாது, தலையணை கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு பட்டியலும் வைத்திருப்பார். இன்று அந்தப் பட்டை அரிதாகிவிட்டது. வலி அரிதாகவில்லை. 2020இல் உலகம் முழுவதும் சுமார் 20 கோடியே 30 லட்சம் பேருக்குக் கழுத்து வலி இருந்தது என்பது லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான மதிப்பீடு.

விவரம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இன்று சொல்வது பழைய பட்டியலுக்கு நேரெதிர்: கழுத்துக்கு வேலை கொடு. கேட்கப் புதிதாக இருந்தாலும் இந்தத் தொழில் தொடங்கிய இடமே அதுதான். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று அரசு நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங் டாக்டர் அல்ல, வாள்வீச்சு ஆசிரியர். நோயாளிக்கென்று வகுத்த அசைவுகளே மருந்து என்பது அவர் கட்சி. பிறகு எப்படி இந்தத் தொழில் பட்டைக்கும் கரண்ட் சிகிச்சைக்கும் வந்து சேர்ந்தது?

ஒரு காரணம், மானப் பிரச்சினை. 1894இல் லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே அதை எழுதியது. தங்கள் பிழைப்பின் பெயர் கெடுவதைப் பார்த்த நர்சுகள் நால்வர் அதே ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் வேர் அது. டாக்டர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்வதில்லை என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதிகளில் முக்கியமானது. கௌரவம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை. சீட்டில் எழுதியதைச் செய்பவராக பிசியோதெரபிஸ்ட் நெடுங்காலம் இருந்ததற்கு, நம் ஊரில் இன்னும் பல இடங்களில் இருப்பதற்கு, தொடக்கம் அங்கே இருக்கிறது.

இன்னொரு காரணம் எக்ஸ்ரே. 1895இல் ராண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தபின் கழுத்து என்றாலே எலும்பு என்றாயிற்று. படத்தில் எலும்பு தெரியும், தசை தெரியாது. தேய்ந்த விளிம்பைக் கண்ணால் பார்த்துவிட்ட நோயாளி அதற்குப் பிறகு கழுத்தைக் கண்ணாடிச் சாமானாகத்தான் பாவிப்பார். ஆனால் ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அப்படி. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்றால் இவர்கள் எல்லோரும் துடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஓய்வுதான் மருந்து என்ற நம்பிக்கை மெதுவாகத்தான் ஆட்டம் கண்டது. நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பதன் ஆபத்துகளை ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் டாக்டர் 1947இலேயே எழுதினார். கார் விபத்தில் கழுத்து சட்டென்று வெட்டி இழுக்கப்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்த கனடாவின் கியூபெக் குழு, பட்டையும் ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும், சீக்கிரம் அன்றாட வேலைக்குத் திரும்புவதே நல்லது என்று சொன்னது 1995இல். நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

நாள்பட்டு வலிக்கும் கழுத்துக்குள் என்ன ஆகிறது என்பதைக் காட்ட ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் க்வென் ஜல் குழுவினர் ஒரு எளிய சோதனையை உருவாக்கினார்கள். மல்லாந்து படுத்தவரின் கழுத்துக்கடியில் சிறிய காற்றுப்பை. அதோடு இணைத்த மானியில் அழுத்தத்தை 20இல் நிறுத்துவார்கள். தலையைத் தூக்காமல், ஆமாம் என்பதுபோல் மோவாயை லேசாகத் தாழ்த்தி முள்ளை 22க்குக் கொண்டுவந்து பத்து விநாடி பிடிக்க வேண்டும். பிறகு 24, 26 என்று 30 வரை. பார்க்க விளையாட்டுப்போல இருக்கும். நாள்பட்ட வலிக்காரர்கள் பலருக்குப் பாதி தூரம் போவதே பாடு. முதுகெலும்பை ஒட்டியுள்ள ஆழ்தசைகள் ஒத்துழைக்காமல், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புவரை ஓடும் மேல்தசை அந்த வேலையைத் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு புடைத்து நிற்கும். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான தலையை நாள் முழுக்கத் தாங்க வேண்டிய தசைகள் சும்மா இருக்கப் பழகிவிட்டன.

அப்படியென்றால் பழக்கி எடுக்க எவ்வளவு நாளாகும்? இங்கேதான் நம் கிளினிக்குகளோடு எனக்குத் தகராறு. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியோடு அலுவலகங்களில் வேலை பார்த்த 180 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்து, 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். ஒரு குழு உட்கார்ந்தபடி, தலையில் மாட்டிய ரப்பர் பட்டையை எதிர்த்துக் கழுத்தை உறுதிப்படுத்தியது. இன்னொரு குழு படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கி இறக்கியது. மூன்றாவது குழு தசை நீட்டும் பயிற்சியும் நடையும் ஓட்டமுமாக இருந்தது. நல்ல நிவாரணம், அல்லது முழு நிவாரணம் என்று சொன்னவர்கள் முறையே 73, 59, 21 சதவீதம். கவனிக்க வேண்டியது, இது பன்னிரண்டு மாதக் கணக்கு.

நாம் விற்பதோ பத்து நாள். "பத்து நாள் கரண்ட் வைக்கணும்" என்று சீட்டு எழுதப்படுகிறது. ஒரு சிட்டிங் இத்தனை ரூபாய். ஹாட் பேக், ஐ.எஃப்.டி. என்ற கரண்ட் சிகிச்சை, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் ட்ராக்‌ஷன். கடைசி நாள் பயிற்சிப் படம் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். சூடும் கையால் பிடித்துவிடுவதும் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பில் போடக்கூடியது மெஷின்தான். நோயாளி மோவாயைச் சரியாகத் தாழ்த்துகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அரை மணி நேரத்துக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. நோயாளி மட்டும் என்ன, ஒயர் ஒட்டினால்தான் வைத்தியம் நடந்ததாக நினைக்கிறார். (கையில் பிடி தளர்கிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் அடங்கவில்லை, காய்ச்சல் அல்லது காரணமில்லாத எடைக் குறைவு என்றால் பயிற்சிப் பேச்சே கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மை.)

வீட்டில் தினமும் செய்யச் சொன்னால் யார் செய்வார்கள் என்று கேட்பார்கள். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 அலுவலக ஊழியர்களை வைத்துப் பத்து வாரம் பார்த்தார்கள். ரப்பர் குழாயைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் தூக்குவது, வாரத்தில் ஐந்து நாள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 12 நிமிடம், இன்னொன்றுக்கு 2 நிமிடம். இரண்டு குழுவிலும் வலி குறைந்தது. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசமில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைமேல் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு வீட்டில் அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது. அங்கே அடுப்பு காத்திருக்கிறது. டீ நேரத்திலும் கழிக்காமல், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு அதைக் கொடுப்பதுதான் நியாயம். முதலாளிக்கு ஒரு ஆளுக்கு ஒரு ரப்பர் குழாய் செலவு.