யானைக்கும் அடி சறுக்கும், சரி. தோலைப் போட்டது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மாங்கூழ் ஆலையில் பழம் கழுவும் வேலை. ஈரத்தரையில் கிடந்த மாம்பழத் தோலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "பார்த்து நடக்க வேண்டாமா?" என்றாராம் மேற்பார்வையாளர். கையில் மூவாயிரம் ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். "என் கவனக்குறைவுதான் டீச்சர், யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா" என்று அவளே சொல்கிறாள். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது.

யானைக்கு அடி சறுக்கும், சரி. வழியில் தோலைப் போட்டது யானையா?

எழுவாய், பயனிலை சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? "கால் தவறி விழுந்து தொழிலாளி பலி" என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகளாகவும் இருப்பார்கள். அந்த வாக்கியத்தில் தவறு செய்தது கால். சாரத்தில் தடுப்புக் கட்டாதவருக்கு அதில் இடமே இல்லை.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவு, தரையிலும் படியிலும் நடைபாதையிலும் இடறும் பொருளோ வழுக்கும் பொருளோ இல்லாமல் வைத்திருக்க வேண்டும், உயரத்தில் வேலை செய்தால் விழாதபடி தடுப்பு வேண்டும் என்றது. "தொழிலாளி பார்த்து நடக்கட்டும்" என்று அந்தப் பிரிவில் இல்லை. தரைக்குப் பொறுப்பு ஆலை நடத்துபவர்.

அதற்கும் முன்னால், 1923-லேயே இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினாலோதான் இழப்பீட்டை மறுக்கலாம். மரணம், நிரந்தர முழு ஊனம் என்றால் அந்தக் காரணங்களும் செல்லாது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தமும் செல்லாது என்றது 17-வது பிரிவு. 2020-ல் எழுதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே அடிப்படைதான்.

"சின்ன ஆலை டீச்சர், கட்டுப்படியாகாது" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்குத் தெரியும், என் மாணவர்களில் முதலாளிகளும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். தோலை அள்ள ஒரு ஆள், தண்ணீர் வடிய ஒரு கால்வாய், படிக்கட்டில் ஒரு கைப்பிடி, இருட்டு மூலையில் ஒரு பல்பு. இதற்கா கட்டுப்படியாகாது? முறிந்த மணிக்கட்டோடு அந்தப் பெண் ஒரு சீசன் கூலியை இழக்கிறாளே, அது யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தபோது, சத்துணவுக் கூடத்து வாசலில் கஞ்சித் தண்ணீர் தேங்கி, சமையல் உதவியாளர் சாம்பார் அண்டாவோடு வழுக்கி விழுந்தார். கை வெந்துபோனது. வடிகால் அடைத்து இரண்டு மாதமாகியிருந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அறிக்கையில் "உதவியாளரின் கவனக்குறைவால்" என்று எழுதினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த வரி என்னை உறுத்துகிறது. அதை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது.

அதனால் கேட்கிறேன். வேலைக்குப் போகிறவர்களே, விழுந்தால் அந்த இடத்தைப் போட்டோ எடுங்கள். ஆஸ்பத்திரியில் வேலையிடத்தில் விழுந்ததாகவே சொல்லிப் பதியுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். அந்த மாணவியோடு நானும் போகிறேன்.

வேலை வாங்குகிறவர்களே, நாளைக் காலை ஒருமுறை உங்கள் தரையைப் பார்த்து நடங்கள். பார்த்து நடக்க வேண்டிய முதல் ஆள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டீச்சர்