நாலு கோடி இலக்கத்தில் ஒரு பகா எண்!

ஓர் எண். அதை எழுத 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் வேண்டும். விநாடிக்கு ஓர் இலக்கமாக, ஊண் உறக்கமின்றி ஒருவர் வாசித்துக்கொண்டே போனாலும், முடிக்கச் சுமார் 475 நாள் ஆகும்!

1ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது என்று 2024 அக்டோபரில் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட் என்ற 36 வயது அமெரிக்கர். "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

பகா எண் எது?

12 மாம்பழங்களை மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோ சமமாகப் பங்கிடலாம். 13 பழங்களை அப்படிப் பங்கிட இயலாது. ஆகவே 13 பகா எண். இத்தகைய எண்களுக்கு முடிவே இல்லை என்று கிரேக்க மேதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆனால் பெரிய எண் ஒன்றைக் காட்டி, இது பகா எண்தான் என்று அடித்துச் சொல்வது லேசான காரியமல்ல.

பாதிரியாரின் பிழை

மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. ஒன்று போக 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று போக 31. இரண்டும் பகா எண்கள். ஆனால் பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2,047, 23ஆலும் 89ஆலும் வகுபட்டுவிடும்.

இவ்வகைப் பகா எண்களுக்கு 1644ல் ஒரு பட்டியல் தந்தார் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சேன். அதில் 67 இரண்டுகளின் எண்ணும் இருந்தது. அது தவறு என்று 1876ல் காட்டினார் லூகா என்ற கணித நிபுணர். அதை வகுக்கும் எண்களை 1903ல் கண்டு சொன்னார் அமெரிக்கப் பேராசிரியர் கோல். எவ்வளவு பெரியவர் சொன்னாலும், சோதித்துப் பார்க்கும்வரை அது வெறும் ஊகமே!

உண்மைக்கு நாலு சாட்சி

டுரான்டின் எண்ணும் இதே வகைதான். 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. டப்ளின் நகரத்து யந்திரம் ஒன்று, "பகா எண்ணாக இருக்கலாம்" என்றது. அதோடு விடவில்லை. லூகா தொடங்கி லேமர் செம்மைப்படுத்திய சோதனையை டெக்ஸாஸில் மற்றொரு யந்திரம் செய்து முடித்தது. பிறகு வேறு யந்திரங்களிலும் வேறு முறைகளிலும் சரிபார்த்த பின்னரே உலகுக்கு அறிவித்தார்கள்.

லாபம் என்ன?

பாங்குகளின் இரகசியச் செய்திகளைக் காக்கப் பகா எண்கள் உதவுகின்றன. அதற்குச் சில நூறு இலக்க எண்களே போதும். இந்த ராட்சத எண் வேண்டியதில்லை. ஆனால் இதைத் தேடும் கணக்கு, கம்ப்யூட்டரைச் சாறு பிழிகிறது. அந்தக் கணக்கு ஓடியபோதுதான் இன்டெல் கம்பெனியின் புதிய ரகச் சில்லு ஒன்றில் இருந்த கோளாறு வெளிப்பட்டது. 2016ல் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது.

யந்திரம் சொல்வதையெல்லாம் நம்பி வாழும் காலம் இது. அந்த யந்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கக் கற்றுத் தருகிறதே, இந்த எண்ணின் லாபம் அதுதான்!