ரன் கணக்கும் ஜும்ஆ கணக்கும்



வஸீம் ஜாஃபரை உங்களுக்குத் தெரியும். மும்பையில் மாநகர பஸ் ஓட்டியவரின் மகன். தனது இரண்டாவது முதல்தர ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 314 ரன்கள் எடுத்தவர். இந்தியாவுக்காக 31 டெஸ்ட் ஆடி இரண்டு இரட்டைச் சதங்கள் கண்டவர். அதில் ஒன்று 2007இல் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த 202. (எந்த நாட்டுக்கு எதிராக என்பதை ஏன் குறிப்பிடுகிறோம் என்பது உங்களுக்கே புரியும்.) ரஞ்சிக் கோப்பையில் 12,000 ரன்களைக் கடந்த முதல் வீரரும் இவரே. நாற்பது வயதிலும் விதர்பா அணிக்காக ஒரே பருவத்தில் ஆயிரம் ரன்களுக்கு மேல் குவித்தார்.

2020இல் ஓய்வு பெற்று, உத்தரகாண்ட் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். 2021 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். வீரர்கள் தேர்வில் குறுக்கீடு, தகுதியில்லாதவர்களுக்குச் சிபாரிசு என்று காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார்.

கிரிக்கெட்டில் இது புதிய சண்டையா? பயிற்சியாளருக்கும் சங்கத்துக்கும் நடக்கும் அன்றாடத் தகராறுதான். ஆனால் இவர் பெயர் வஸீம் ஆயிற்றே! உடனே பேச்சு திசை திரும்பியது. முஸ்லிம் வீரரைக் கேப்டனாக்கப் பார்த்தார், முகாமுக்கு மௌலவியை வரவழைத்தார், அணியின் கோஷத்தை மாற்றினார் என்று பத்திரிகைகளில் செய்திகள் கிளம்பின.

அந்த மனிதர் என்ன செய்வார்? கேப்டன் பதவிக்குத் தான் சொன்ன பெயர் ஜெய் பிஸ்டா என்றார். மௌலவியை அழைத்தது தானல்ல, ஒரு வீரர் மேலாளரின் அனுமதியோடு அழைத்தார் என்றார். பயிற்சி முடிந்த பிறகே ஜும்ஆ தொழுததாகவும், மாநில அணி என்பதால் மாநிலத்தின் பெயரையே கோஷமாக்கச் சொன்னதாகவும் விளக்கினார்.

சகோதரர்களே, இந்தப் பதில்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். தேர்வில் குறுக்கிட்டது யார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்க, கேட்டவர் தன் தொழுகைக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் பூஜை போட்டுத் தேங்காய் உடைத்தால் அது மரபு. அதை நாமும் குறை சொல்வதில்லை. சில நிமிடத் தொழுகை மட்டும் எப்படிக் குற்றப்பத்திரிகையானது?

அனில் கும்ப்ளே வெளிப்படையாக ஜாஃபர் பக்கம் நின்றார். அவருக்கு நம் நன்றி. அன்று பேசியவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் ஜாஃபரோடு ஒரே டிரஸ்ஸிங் ரூமில் ஆண்டுக்கணக்கில் இருந்த பெரிய நட்சத்திரங்களில் பலர் வாய் திறக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரோடு பழகியவர்கள் ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

அதே 2021இல் ஒடிசா அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது.